ஐந்து சத வரியும் ஓர் ஆளுநரும்: லூசியானாவில் ஹியூயி லோங் (1893–1935)

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் வரலாறு எமது நூல்களிற் பெரும்பாலும் ஜனாதிபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், அந்நாட்டுச் சாதாரண மக்களின் வாழ்வைத் தீர்மானித்த பாடசாலை, தெரு, வைத்தியசாலை, வாக்காளர் பதிவேடு ஆகியன நெடுங்காலம் மாநில அரசுகளின் பொறுப்பிலேயே இருந்தன. அங்கு அரசு என்பது யாருக்காக இயங்கிற்று என்பதை அறிய விரும்புவோர் வாஷிங்டனோடு நின்றுவிடாது மாநிலத் தலைநகரங்களையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால் லூசியானா மாநிலத்தின் தலைநகரான பற்றன் ரூஜ் சிறப்பான கவனத்திற்குரியது. 1928 முதல் 1935 வரை அங்கு அதிகாரம் செலுத்திய ஹியூயி லோங்கைப் போல, வாழ்ந்த காலத்திலும் மறைந்த பின்னரும் கடுமையான சர்ச்சைக்கு உள்ளான மாநில அரசியல்வாதி அந்நாட்டில் வேறெவரும் இல்லை எனலாம்.

லோங் பற்றிய எழுத்துக்கள் யாவும் ஒரே வினாவைச் சுற்றியே சுழன்று வந்துள்ளன: அவர் சர்வாதிகாரியா, ஏழைகளின் காவலரா? அவரது காலத்துப் பத்திரிகையாளர் பலர் அவரை முசோலினிக்கும் ஹிட்லருக்கும் ஒப்பிட்டனர். 1969இல் வெளிவந்து மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற ஹரி வில்லியம்சின் பெருநூல், மக்களுக்கு நன்மை செய்யும் பொருட்டே அதிகாரத்தைத் தேடிய தலைவராக அவரைக் காட்டிற்று. அலன் பிறிங்லி 1982இல் எழுதிய நூல், பெருமந்த காலத்து எதிர்ப்புக் குரல்களுள் ஒன்றாக அவரை வைத்து ஆராய்ந்தது. இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எனினும் வினாவே குறைபாடுடையது என்பது எமது கருத்து. ஒருவரின் குணத்தை எடைபோடுவதிலும் பார்க்க, அவர் எதனை மாற்றினார், எதனைத் தொடாது விட்டார் என்று கேட்பதே வரலாற்று மாணவனுக்குப் பயன்தருவது.

லோங்குக்கு முந்திய லூசியானாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனரமைப்புக் காலத்தில் அங்கு கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். 1890களில் ஏழை வெள்ளை விவசாயிகளும் கறுப்பினத்தவரும் ஒரே அணியில் வாக்களிக்கக்கூடும் என்ற அச்சம் ஆளும் வர்க்கத்தினரிடையே எழுந்தது. அதன் விளைவே 1898ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு. எழுத்தறிவு அல்லது சொத்து இருத்தல் வேண்டும், தலைவரி செலுத்தியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் விதிக்கப்பட்டன. 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தோரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு, சொத்து ஆகிய நிபந்தனைகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 1896இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1900இல் 5,320 ஆகவும், 1904இல் 1,342 ஆகவும் வீழ்ந்தது. தலைவரி ஏழை வெள்ளையரிற் பெருந்தொகையினரையும் வாக்குச் சாவடியிலிருந்து விலக்கியது. இவ்வாறு ஒடுக்கப்பட்ட வாக்காளர் கூட்டத்தின் மீது பருத்தி, கரும்புப் பெருந்தோட்ட உடைமையாளரும், நியூ ஓர்லீன்ஸ் நகரின் 'பழைய ஒழுங்கினர்' எனப்பட்ட கட்சி இயந்திரமும், 1909இல் பற்றன் ரூஜில் சுத்திகரிப்பு ஆலை அமைத்த ஸ்ரான்டர்ட் ஒயில் கம்பனியும் கூட்டாக ஆட்சி செலுத்தின. எழுத்தறிவின்மை மிகுந்த அமெரிக்க மாநிலங்களுள் லூசியானா முன்வரிசையில் நின்றது. லோங்கைச் சனநாயக விரோதி என்று கண்டிப்போர், அவர் அழித்ததாகக் கூறும் சனநாயகம் இத்தகையது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

லோங் 1893 ஓகஸ்ட் 30ஆந் திகதி, மாநிலத்தின் வடபகுதியிலுள்ள வின் மாவட்டத்தின் வின்பீல்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். செழிப்பற்ற மண்ணும் சிறு விவசாயிகளும் நிறைந்த மாவட்டம் அது. அடிமை உடைமையாளரின் போரில் ஆர்வங் காட்டாத அம்மாவட்டத்தின் பிரதிநிதி 1861இல் பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்தார். 1890களில் அது மக்கள் கட்சியின் கோட்டையாக விளங்கியது. பின்னர் சோசலிஸ்டுகளும் அங்கு கணிசமான வாக்குகளைப் பெற்றனர். ஆகவே லோங்கின் பேச்சுக்களிற் கேட்ட கோபம் அவர் தாமாகக் கண்டுபிடித்ததன்று. அது அவர் ஊரின் மண்ணோடு கலந்திருந்தது. ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவரான அவர் ஊரூராய்ச் சென்று சமையற் கொழுப்பு முதலியன விற்றார். ரூலேன் பல்கலைக்கழகத்திற் சிறிது காலமே சட்டம் பயின்று, 1915இல் தமது 21ஆம் வயதிற் சட்டத்தரணியானார். விற்பனையாளராக ஒவ்வொரு வீட்டின் அடுப்படிவரை சென்ற அநுபவம் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1918இல் மாநிலப் புகையிரத ஆணைக்குழுவுக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். புகையிரதம், தொலைபேசி, எண்ணெய்க் குழாய் ஆகியவற்றின் கட்டணங்களை ஒழுங்குசெய்யும் அதிகாரம் அவ்வாணைக்குழுவுக்கு இருந்தும், அதுவரை அது பெயரளவிலேயே இயங்கியது. தொலைபேசிக் கம்பனியொன்று உயர்த்திய கட்டணத்தை எதிர்த்து அவர் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை வாதாடி, சந்தாதாரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஸ்ரான்டர்ட் ஒயிலுடன் அவருக்கு ஏற்பட்ட பகை இதனினும் ஆழமானது. சிறிய எண்ணெய் உற்பத்தியாளரின் எண்ணெயை ஏற்க அக்கம்பனி மறுத்தபோது நட்டமடைந்தோருள் பங்குதாரரான லோங்கும் ஒருவர். பொதுநோக்கும் சொந்தப் பகையும் ஒன்றோடொன்று பிணைந்த இந்நிலை அவரது வாழ்வு முழுவதும் தொடர்ந்தது.

1924இல் ஆளுநர் தேர்தலில் தோல்வியுற்ற அவர், 1928இல் வெற்றி பெற்று 34ஆம் வயதில் ஆளுநரானார். ஒவ்வொரு மனிதனும் அரசனே, எவரும் முடிசூடார் என்பது அவரது சுலோகம். அது முன்னைய மக்கள் தலைவரான வில்லியம் ஜெனிங்ஸ் பிறயனின் பேச்சொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அவரது சாதனைகளைச் சுருங்கக் கூறலாம். எண்ணெய், மரம் முதலிய இயற்கை வளங்களை எடுப்பதன் மீதான வரியைப் பெறுமதியின் அடிப்படையிலன்றி அளவின் அடிப்படையில் மாற்றி, அவ்வருவாயைக் கொண்டு பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசப் பாடநூல் வழங்கினார். ஆளுநரானபோது ஏறத்தாழ 300 மைல் அளவினதாக இருந்த கொங்கிறீற் தெருக்கள் 1935இல் 2,400 மைலுக்கு மேற்பட்டன. பல பெரிய பாலங்கள் கட்டப்பட்டன. முதியோருக்கென நடத்தப்பட்ட இரவுப் பாடசாலைகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் கறுப்பின மக்கள். 1931இல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது.

இந்நன்மைகள் செயற்படுத்தப்பட்ட முறையை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். ஷிறீவ்போட் நகரைச் சேர்ந்த வசதி படைத்தோர், தமது பிள்ளைகளுக்கு இலவச நூல் வேண்டியதில்லை என்று கூறி அவற்றை ஏற்க மறுத்தனர். அதே வேளையில் அந்நகருக்கு இராணுவ விமானத்தளம் ஒன்றைப் பெறுவதற்கு மாநில அரசின் அங்கீகாரம் தேவைப்பட்டது. நூல்களை ஏற்றாலன்றி அங்கீகாரம் இல்லை என்றார் லோங். நூல்கள் ஏற்கப்பட்டன. இதனைப் படிக்கும்போது எமது அநுதாபம் எப்பக்கம் சாய்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சாய்விலேதான் பிரச்சினையும் தொடங்குகின்றது. நூல்களை ஏற்பித்த அதே கருவி பின்னர் ஆசிரியரை நீக்கவும் பத்திரிகையை அடக்கவும் பயன்பட்டது.

1929 மார்ச் மாதத்தில் லோங் சட்டசபையின் சிறப்பு அமர்வொன்றைக் கூட்டி, சுத்திகரிக்கப்படும் எண்ணெயின் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஐந்து சதம் வரி விதிக்க முற்பட்டார். மாநிலத்தின் பெருங்கம்பனியின் மடியில் நேரடியாகக் கைவைக்கும் முயற்சி இது. அமர்வு தொடங்கிய சில நாட்களுள் வரி மறைந்து, ஆளுநருக்கெதிரான குற்றப் பிரேரணை முன்னே வந்தது. மார்ச் 25ஆந் திகதி சபையின் வாக்களிப்பு இயந்திரம் பிழையான முடிவைக் காட்டிற்று என்ற சந்தேகத்தில் உறுப்பினர் மேசைகள்மீது ஏறிக் கைகலந்தனர். சிலர் இரத்தக் காயமுற்றனர். இலஞ்சம், அரச பணத் துஷ்பிரயோகம், அச்சுறுத்தல் முதலிய எட்டுக் குற்றச்சாட்டுக்களை மக்கள் பிரதிநிதிகள் சபை ஏற்றது. அவற்றுட் சில ஆதாரமற்றவை அல்ல. ஆயினும், முந்திய ஆளுநர்களின் காலத்தில் உறங்கிக் கிடந்த ஒழுக்க உணர்வு, பீப்பாய்க்கு ஐந்து சதம் என்றவுடன் விழித்துக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

மாநிலச் செனற்றின் 39 உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் உடன்பட்டாலன்றி ஆளுநரை நீக்க இயலாது. எந்த ஆதாரம் முன்வைக்கப்படினும் தாம் குற்றவாளி எனத் தீர்க்கப்போவதில்லை என்று 15 உறுப்பினர் எழுத்தில் உறுதியளித்தனர். வட்டமாகக் கையொப்பமிடப்பட்டதாகப் பேர்பெற்ற அவ்வாவணத்தோடு வழக்கு மே மாதத்தில் முடிவுற்றது. கையொப்பமிட்டோரிற் பலர் பின்னர் பதவிகளும் சலுகைகளும் பெற்றனர்.

இந்நிகழ்ச்சி லோங்கின் வாழ்வில் திருப்புமுனையாகும். சட்டசபை என்பது விலைக்கு வாங்கப்படுவது, ஆகவே அதனை எதிரி வாங்குமுன் தாம் வாங்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பதவி பெறுவோரிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் பெறப்பட்டன. அரச ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு அவரது அரசியல் நிதிக்காகக் கழிக்கப்பட்டது. 1930இல் சொந்தப் பத்திரிகை தொடங்கப்பட்டது. அவ்வாண்டே ஐக்கிய அமெரிக்கச் செனற்றுக்குத் தெரிவாகியும், உதவி ஆளுநரிடம் மாநிலத்தை ஒப்படைக்க மனமின்றி, 1932 ஜனவரிவரை வாஷிங்டனுக்குச் செல்லாதிருந்தார். பின்னர் தமது இளமைக்கால நண்பர் ஒஸ்கார் அலனை ஆளுநராக்கி, செனற்றராக இருந்துகொண்டே மாநிலத்தை ஆண்டார். எவ்விதச் சட்டபூர்வமான மாநிலப் பதவியும் இல்லாத ஒருவர், சட்டசபைக் குழுக்களில் அமர்ந்து தமது மசோதாக்களைத் தாமே விளக்கி நிறைவேற்றுவித்த காட்சி வேறெங்கும் காணக்கிடைக்காதது.

நாடளாவிய அரங்கில் அவர் ஆற்றிய பங்கு பரவலாக அறியப்பட்டது. 1932இல் ரூஸ்வெல்ற் வேட்பாளராவதற்கு உதவிய அவர் மறு ஆண்டே அவருடன் முரண்பட்டார். 1934 பெப்ரவரி 23ஆந் திகதி வானொலி மூலம் 'செல்வத்தைப் பகிர்வோம்' திட்டத்தை வெளியிட்டார். தனியாரின் பெருஞ்செல்வத்துக்கு உச்சவரம்பு, ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டொலரை மேவாமை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏறத்தாழ 5,000 டொலர் பெறுமதியான உடைமை, முதியோருக்கு ஓய்வூதியம், தகுதியுடையோருக்கு இலவச உயர்கல்வி ஆகியன அதில் அடங்கின. மறு ஆண்டில் 27,000 கழகங்கள் இயங்குவதாக அவரது இயக்கம் கூறிக்கொண்டது. பெருமந்தத்தில் வேலையும் வீடும் இழந்து நின்ற மக்களிடம் செல்வம் சிலர் கையிற் குவிந்துள்ளது என்ற எளிய உண்மையைக் கொண்டுசென்றமை அவரது சேவை. 1935இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் செல்வவரிச் சட்டத்துக்கும் பின்னால் அவரைப் பற்றிய அச்சமும் ஒரு காரணமாக இருந்தது என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர் ஏற்பர்.

ஆனால், திட்டம் செல்வத்தைப் பற்றிப் பேசியதேயன்றி அச்செல்வம் உற்பத்தியாகும் முறையைப் பற்றிப் பேசவில்லை. றொக்பெல்லரின் செல்வம் பெட்டியிற் குவித்த காசன்று. அது ஆலையும் குழாயும் கிணறும் ஆகும். அவற்றை யார் உடைமையாகக் கொள்வர், யார் நிர்வகிப்பர் என்ற வினாவுக்கு அங்கு விடையில்லை. அமெரிக்கச் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் அக்காலத்திலேயே இதனைச் சுட்டிக்காட்டினர். மேலும், நாடு முழுவதற்கும் முதியோர் ஓய்வூதியம் கோரிய தலைவரின் சொந்த மாநிலத்தில் அவர் மறையும்வரை அத்தகைய சட்டம் இருக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இல்லை. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1924இல் கொங்கிரஸ் முன்வைத்த அரசியலமைப்புத் திருத்தத்தை அம்மாநிலம் ஏற்கவே இல்லை. தெருவும் பாலமும் கட்ட முன்வந்த அரசு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே வருவதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

1934 ஓகஸ்ட் முதல் அடுத்தடுத்துக் கூட்டப்பட்ட சிறப்பு அமர்வுகள் மாநிலத்தை அவர் கைக்குள் முற்றாகக் கொண்டுவந்தன. காவற்றுறை, ஆசிரியர் நியமனம், நகரசபை நிதி, தேர்தல் அதிகாரிகள் தெரிவு யாவும் ஆளுநரின் ஆணைக்குட்பட்டன. நியூ ஓர்லீன்சுக்குத் தேசியக் காவற்படை அனுப்பப்பட்டது. 20,000 பிரதிகளுக்கு மேல் விற்பனையாகும் பத்திரிகைகளின் விளம்பர வருவாய் மீது இரண்டு வீத வரி விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட 13 பத்திரிகைகளுள் 12 அவரை எதிர்த்தவை. இவ்வரியை 1936 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஏகமனதாகச் செல்லுபடியற்றதாக்கிற்று. அப்பத்திரிகைகள் செல்வந்தருடையவை என்பது மெய்யே. ஆயினும் அவர் விரும்பாத குரல்கள் யாவும் செல்வந்தருடையவை அல்ல. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை அவர் தாராளமாக வளர்த்தார். கட்டடம், இசைக்குழு, உதைபந்தாட்டக் குழு எதிலும் குறைவைக்கவில்லை. 1934 நவம்பரில், உதைபந்தாட்ட வீரரான மாணவர் ஒருவரை அவர் விளையாட்டாக மாநிலச் செனற்றராக்கியதைக் கண்டித்து மாணவர் ஏட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அது அச்சிடப்படுவது தடுக்கப்பட்டது. மறுப்புத் தெரிவித்த மாணவருள் எழுவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டனர். பல்கலைக்கழகத்திலிருந்து எழுதும் எமக்கு இச்சிறு நிகழ்ச்சி பெரிதாகவே தோன்றுகின்றது. அந்த மாணவரின் கடிதம் எந்த எண்ணெய்க் கம்பனிக்கும் உதவுவதாக இருக்கவில்லை.

ஐந்து சத வரிக்கு நாம் திரும்பவேண்டும். 1934 டிசம்பரில், ஐந்தாண்டுகளுக்கு முன் தோல்வியுற்ற அதே வரி எவ்வித எதிர்ப்புமின்றி நிறைவேறியது. கம்பனி ஆட்குறைப்புச் செய்தது. அதன் ஊழியர் பெரும்பாலாராக அமைந்த சங்கமொன்று ஆயுதமேந்தி 1935 ஜனவரி 25ஆந் திகதி பற்றன் ரூஜ் நீதிமன்றக் கட்டடத்தைக் கைப்பற்றிற்று. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகம் எளிதில் அடங்கியது. இப்போது லோங்குக்கு எதிரே சட்டசபையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, நகரசபையும் இல்லை. அவ்வாறிருந்தும் நிகழ்ந்தது யாது? சுத்திகரிக்கும் எண்ணெயில் எண்பது வீதத்தை லூசியானாவிலிருந்தே பெறுவதாகக் கம்பனி ஒப்புக்கொள்ள, ஐந்து சதத்தில் நான்கு சதம் அதற்கே திருப்பியளிக்கப்பட்டது.

லோங் பற்றிய விவாதங்களில் இந்நான்கு சதம் போதிய இடம் பெறவில்லை என்பது எமது துணிபு. 1929இல் அவர் பணிந்திருந்தால் சட்டசபை பகைத்தது எனலாம். 1935இல் அவ்வாறு கூற இடமில்லை. மாநிலத்தின் வரியும் வேலையும் ஆலையிலே தங்கியிருந்தன. ஆலை மூடப்படுமாயின் அவரிடம் மாற்றுவழி இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் இலட்சக்கணக்கான வாக்காளர் நின்றனர். ஆனால் அவர்கள் தொழிற்சங்கமாகவோ கட்சியாகவோ திரளவில்லை. கழகங்கள் அவரது வானொலி உரையைக் கேட்பதற்குக் கூடினவேயன்றி அவரைக் கேள்வி கேட்பதற்குக் கூடவில்லை. மக்களை அமைப்பாக வளர்க்காத தலைவர், நகரசபையையும் ஆசிரியரையும் மாணவரையும் வெல்லலாம். மூலதனத்துடன் பேரம் மட்டுமே பேசலாம். அந்தப் பேரத்திலும் அவர் வெறுங்கையராக நிற்கவில்லை. 1934இல் அவரும் நண்பரும் அமைத்த எண்ணெய்க் கம்பனியொன்று அரச நிலங்களின் கனிம உரிமைகளைப் பெற்றுப் பெருங்கம்பனிகளுக்கு இலாபத்துடன் கைமாற்றியது. பிற்காலத்தில் அது அக்குடும்பத்தினருக்குப் பெரும் பொருள் ஈட்டிற்று.

1935 செப்டெம்பர் 8ஆந் திகதி, தாம் கட்டுவித்த 34 மாடிச் சட்டசபைக் கட்டடத்தின் நடைகூடத்தில் அவர் சுடப்பட்டார். இரு நாட்களின் பின் 42ஆம் வயதிற் காலமானார். சுட்டவராகக் கருதப்படும் காள் வைஸ் என்ற இளம் மருத்துவர், லோங்கின் மசோதாவாற் பதவியிழக்கவிருந்த நீதிபதியொருவரின் மருமகன். மெய்க்காவலர் அவரை அவ்விடத்திலேயே கொன்றமையால் விளக்கம் பெற வழியற்றுப்போயிற்று. லோங்கின் வாரிசுகள் ரூஸ்வெல்ற்றுடன் சமரசம் செய்துகொண்டு, செல்வப் பகிர்வைக் கைவிட்டு, இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். 1939இல் வெளிவந்த ஊழல்களின் விளைவாக ஆளுநர் றிச்சட் லேச்சும் பல்கலைக்கழகத் தலைவரும் சிறை சென்றனர்.

இறுதியாக, வாக்குரிமை பற்றிக் கூறாது விடமுடியாது. 1934இல் லூசியானா தலைவரியை ஒழித்தது. தென் மாநிலங்கள் பலவற்றுக்கு அது மிக முந்திய செயல். ஏழை வெள்ளையர் அதனாற் பெரும் பயன் பெற்றனர். இன வெறுப்பைத் தூண்டி வாக்குச் சேகரிப்பதில் அவர் தம் காலத்துத் தென்னக அரசியல்வாதிகளினும் குறைவானவர் என்பதும் உண்மை. எனினும், 1935 தொடக்கத்திற் கறுப்பினப் பத்திரிகையாளரான றோய் வில்கின்ஸ் அவரைச் செவ்விகண்டு, அப்போது நிகழ்ந்திருந்த கும்பற் கொலையொன்றைப் பற்றி வினவியபோது, அதில் தாம் செய்யக்கூடியது எதுவுமில்லை என்ற பாங்கிலேயே விடையளித்தார். பல்கலைக்கழகத்தையும் நகரங்களையும் ஒரே நாளில் வசப்படுத்தியவரின் விடை இது.

1921ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, பதிவு செய்ய வருவோர் அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் பதிவாளர் திருப்திப்படும்படி விளக்கவேண்டும் என விதித்திருந்தது. லோங் அதனைத் தொடவில்லை. அவரது இரவுப் பாடசாலைகளில் எழுத்துக் கற்ற கறுப்பின முதியவர் ஒருவர் பதிவாளரின் முன் சென்றால், வாசிக்கத் தெரிந்தும், விளக்கம் போதாது என்று திருப்பியனுப்பப்படலாம். அந்த விளக்கப் பரீட்சையை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1965 மார்ச்சில் செல்லுபடியற்றதாக்கிற்று; அப்போது லோங் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.